மணியடித்தவர்களுக்கு வலி இல்லை

கண்ணாடியக்காவின் இரண்டு கண்ணும் நூற்றுக்கு நூறு. இதை அவள் சொல்லவில்லை. அவளுக்கு லேசர் போட்ட கண் நிலையம் சொன்னது, எழுத்தில் கொடுத்தது, முத்திரையும் குத்தியது. அந்தக் காகிதத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைக்கூட அவளால் எட்டி நின்று படித்துவிட முடியும். என்ன, படித்து முடிப்பதற்குள் நான்கு முறை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் திறப்பதற்குப் பயமாக இருக்கும்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பதினெட்டு வருடம் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தவள். அடுப்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். கையில் பன் தட்டோடு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பாள். "கண்ணாடியக்கா, இடிச்சுக்காதீங்க!" என்று கூட வேலை செய்கிறவர்கள் கத்திக் கத்தி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. இப்போது கண்ணாடி போய்விட்டது. பெயர் போகவில்லை.

அவளுடைய கணவர் தையல்காரர். பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் அவரை அமைதியான மனிதர் என்று யாராவது சொன்னால், சொன்னவருக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம். கை, புருவம், கன்னம், தோள் என்று உடம்பு முழுக்க வாய் அவருக்கு. கடைக்கு வந்த ஒரு பெரிய மனிதர் எப்படி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இடுப்பளவு கொடுத்தார், நாடாவை எடுத்ததும் அந்த வயிறு எப்படித் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது என்று சாயங்காலம் வந்து அவர் நடித்துக் காட்டினால், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறும். அவளும் கல்யாணமான முதல் வருடத்திலேயே அவருடைய கைப்பேச்சைக் கற்றுக்கொண்டவள். வெளியில் சத்தமே வராத அந்த இரண்டு அறை வீட்டில் அப்படி ஓர் அரட்டை நடந்துகொண்டிருந்தது.

அவருக்கு மனைவியிடம் ஒரே ஒரு குறை.

"உன் கண்ணாடியில எப்பப் பார்த்தாலும் ட்யூப்லைட் மின்னுது" என்று கையால் சொல்வார். "நீ பேசுறதுல பாதி உன் கண்ணுலதான் இருக்கு. அந்தப் பாதி இத்தனை வருஷமா எனக்கு வந்து சேரல."

கல்யாணமாகி இருபது வருடம் நிறைந்த அன்று, வழுவழுப்பான விளம்பரத் தாள் ஒன்றை அவள் முன் நீட்டினார். 'ஏழே நிமிடம், வாழ்நாள் முழுக்க!' என்று அதில் போட்டிருந்தது. வாழ்நாள் முழுக்க என்ன என்று போடவில்லை. அதை இருவரும் கவனிக்கவில்லை.

சிகிச்சை உண்மையில் ஆறரை நிமிடத்தில் முடிந்தது. அரை நிமிடம் மிச்சம் பிடித்ததற்காக நிலையம் பெருமைப்பட்டது. மறுநாள் காலையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியை அவள் தடங்கலின்றிப் படித்தாள். உடனே அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சிவப்பு ரிப்பன் கட்டிய பித்தளை மணி ஒன்று தொங்கியது. மகிழ்ச்சி அலுவலர் என்று சட்டையில் வில்லை குத்தியிருந்த இளம்பெண், "கடைசி வரியைப் படிச்சவங்க எல்லாரும் இதை அடிக்கணும் மேடம். இது உங்க புது வாழ்க்கையோட முதல் சத்தம்" என்றாள்.

கண்ணாடியக்கா அடித்தாள். காத்திருந்தவர்களும் அவர்களோடு நின்ற தையல்காரரும் கைதட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அவளுடைய வெள்ளைக் கோப்பில் பச்சை வில்லை ஒட்டப்பட்டது. கண்ணாடி இல்லாத முகத்தோடு கூட வந்த மனைவியைத் தையல்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இப்பத்தான் முழுசா கேக்குது" என்று கையால் சொன்னார்.

அவர் முழுதாகக் கேட்டது பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் இமையைத் திறந்தபோது, உள்ளே யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலிருந்தது. சொட்டு மருந்து விட்டால் கால் மணி நேரம் தாங்கும். அப்புறம் காற்று பட்டால் எரிச்சல், வெளிச்சம் பட்டால் குத்தல், ஒன்றும் படாவிட்டாலும் கண்ணுக்குள் கண் இருக்கிறது என்ற நினைப்பே வலி. பேக்கரி அடுப்பைத் திறந்ததும் வந்த அனல் இரண்டு கண்ணிலும் ஆணி அடித்தது. தட்டு கை தவறி, நாற்பது பன் தரையில் உருண்டது. அவள் கை தவறிய முதல் தட்டு அதுதான். முதலாளி நல்ல மனிதர். திட்டவில்லை. மறுநாளிலிருந்து அவளைப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றினார். அங்கே கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்யலாம்.

வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. மற்ற வீடுகளில் பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். இந்த வீட்டில் அவள் கண்ணை மூடுவதும், பேசிக்கொண்டிருக்கிறவர் முகத்தில் கதவைச் சாத்துவதும் ஒன்று. தையல்காரர் ஒரு கதையை ஆரம்பிப்பார். கதையில் வாடிக்கையாளர் கடைக்குள் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவள் கண்கள் தானாக இறுகிவிடும். திறந்து பார்த்தால் அவர் கைகளைத் தொங்கவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். "எங்க விட்டேன்?" என்று கேட்பார். இரண்டாவது முறை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மூன்றாவது முறை, "ஒண்ணும் பெருசா இல்ல, விடு" என்பார்.

ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கண் நிலையத்துக்குப் போனாள்.

முதலில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டு மூன்று முகங்கள் வரைந்திருந்தன. ஒன்று சிரித்தது. அடுத்தது நன்றாகச் சிரித்தது. மூன்றாவதற்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"வலிக்கிற முகம் இல்லையா?" என்று கேட்டாள்.

"போன வருஷம் இருந்துச்சு மேடம்" என்றாள் மகிழ்ச்சி அலுவலர். "நிறைய பேர் அதுலயே டிக் பண்ணினாங்க. பாக்குறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குன்னு எடுத்துட்டோம்."

அவள் இருப்பதிலேயே குறைவாகச் சிரிக்கிற முகத்தில் குறி போட்டாள். 'நோயாளி சிரிக்கிறார்' என்று கோப்பில் ஏறியது.

உள்ளே சின்ன டாக்டர் கண்ணீரை அளக்கும் பரிசோதனை செய்தார். கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். புண்ணில் காகிதம் குத்தினால் என்ன ஆகும்? வேதனை தாங்காமல் கண் குளமாகி, பட்டை முழுக்க நனைந்து, கன்னத்தில் வழிந்து, ரவிக்கை வரைக்கும் வந்துவிட்டது.

"கண்ணீர் தாராளமா இருக்கு" என்று சின்ன டாக்டர் சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொண்டார். "வறட்சி இல்லை."

"டாக்டர், அது வலிக்கு வந்த தண்ணி. சும்மா இருக்கும்போது ஒரு சொட்டு இல்லை."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்மா. லேசர் போடும்போது கண்ணோட மேல்தோலுல நரம்பு அறுபடும். பல பேருக்கு மறுபடி ஒழுங்கா வளர்ந்துடும். சில பேருக்கு வளராது, இல்லேன்னா தாறுமாறா வளரும். அப்புறம் கண்ணுக்குத் தான் காயுறது தெரியாது, காயாதப்பகூட வலிக்கும்."

"அப்ப அதை எழுதிக் குடுங்க டாக்டர்."

"எங்க எழுதுறது? கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இல்லையே" என்றவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மறுபடியும் பழைய குரலில், "ஆல் த பெஸ்ட்!" என்றார்.

ஆனாலும் அவள் விடவில்லை. கோப்பைத் திரும்பத் திறந்து வைத்தியம் பாருங்கள் என்று கேட்டாள். மகிழ்ச்சி அலுவலர் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். வருத்தத்தையும் அவள் சிரித்துக்கொண்டுதான் படவேண்டியிருந்தது. அது வேலை நிபந்தனை.

"மணி அடிச்சவங்க கோப்பைத் திறக்க முடியாது மேடம். மணி அடிச்சுட்டா சிகிச்சை முடிஞ்சுதுன்னு அர்த்தம். முடிஞ்ச சிகிச்சையில வலி எப்படி இருக்கும்?"

"இருக்கே."

"அப்ப நீங்க மணியை ரத்து பண்ணணும். அதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு."

விண்ணப்பம் நான்கு பக்கம். மணி எத்தனை முறை அடிக்கப்பட்டது, வலது கையாலா இடது கையாலா, அடிக்கும்போது கட்டாயம் ஏதும் இருந்ததா என்றெல்லாம் கேட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், அன்றைய தினம் அதே கூடத்தில் இருந்தும் மணியோசையைக் கேட்கவில்லை என்று உறுதி கூறும் ஒரு சாட்சியின் கையொப்பம் வேண்டும் என்றிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. வீட்டுக்கு ஓடிவந்து கணவரிடம் காட்டினாள். "இந்த ஊர்லயே இதுக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டான்" என்று அவர் கைகளை வீசினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, அவளோடு போய், தன் அழகான கையெழுத்தில் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. 'சாட்சிக்குக் காது கேளாது என்பதால், அவர் கேட்கவில்லை என்பதைச் சாட்சியமாக ஏற்க இயலாது. கேட்கக் கூடியவராக இருந்து கேட்காமல் இருந்தவரே தகுதியான சாட்சி ஆவார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.'

கடிதத்தைத் தையல்காரர் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வழக்கமாக இப்படி ஒன்று கையில் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு நடித்துக் காட்டுவார். அன்று சொட்டு மருந்தை எடுத்து, ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு அவளுக்குக் கண்ணுக்கொரு சொட்டு விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் அவர் பேச்சு குறைந்தது. அவளுக்கு முதலில் தெரியவில்லை. தன் கண்வலியோடு தான் கிடந்தாள். வருவார், மருந்து விடுவார், சாப்பாடு போடுவார், அருகில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் தைப்பார். அவள் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு யாரு வந்தாங்க?" என்று கேட்டால், "யாரும் இல்லை" என்று ஒரே அசைவில் முடித்துவிடுவார்.

ஒருநாள் மதியம் பேக்கரிக்குப் பொத்தான் கடைக்காரர் ரொட்டி வாங்க வந்தார். பொட்டல மேசைக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் இப்ப தேவலையா? பாவம், அன்னிக்கு ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு" என்றார்.

"என்னிக்கு?"

"அதான், அவர் சிநேகிதர் இறந்த அன்னிக்கு. கடையைப் பூட்டிட்டு, என்கிட்ட சீட்டுல எழுதிக் காட்டிட்டுப் போனாரே. மூணு வாரம் இருக்குமே!"

அவள் கையிலிருந்த நூல் கண்டு உருண்டு போனது. அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். காது கேளாதோர் பள்ளியில் ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர். மாதம் ஒருமுறை வந்தால் இருவர் கையும் காற்றாடி மாதிரி சுற்றும். அந்த மனிதர் போய்விட்டார். இவர் தனியாகப் போய், தனியாக நின்று, தனியாகத் திரும்பி வந்து, அவள் கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறார்.

அவள் பாதி வேலையில் எழுந்து தையல் கடைக்குப் போனாள். அவர் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏன் சொல்லல?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"சொல்லணும்னா ரொம்ப நேரம் ஆகும்" என்று மெதுவாகக் கையசைத்தார். "அவ்வளவு நேரம் நீ பாக்கணும். உனக்கு வலிக்கும். நான்தானே உன்னை அங்க கூட்டிட்டுப் போனேன்."

அவள் அழ முயன்றாள். நெஞ்சு விம்மியது, முகம் கோணியது. கண் மட்டும் காய்ந்த களிமண் போல் இருந்தது. அவர் அவசரமாக எழுந்து மருந்துக் குப்பியைத் தேடினார்.

அந்த வாரமே கண் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐம்பதாயிரமாவது சிகிச்சைக்கு விழா. மணி அடித்த போட்டோக்களிலேயே அவளுடையதுதான் நன்றாக விழுந்திருந்ததாம். மேடையில் ஏறி நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றாள் மகிழ்ச்சி அலுவலர். நிலையத்தை நடத்தும் பெரிய டாக்டரும் மேடையில் இருப்பார். அவரைப் பார்க்க நோயாளிகளுக்கு அனுமதி கிடையாது. வெற்றியாளர்களுக்கு மட்டும் உண்டு. "வர்றேன்" என்றாள் கண்ணாடியக்கா.

விழாவன்று காலை பத்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. தையல்காரருக்கு மூன்றாவது வரிசையில் இடம். மேடையில் அவள் நாற்காலிக்கு நேர் மேலே ஏசி, முகத்துக்கு நேரே விளக்கு. பெரிய டாக்டர் பேச எழுந்தார். தங்கச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஐம்பதாயிரம் பேர்! இதுல ஒருத்தருக்குக்கூட நம்ம நிலையத்துல கண் வறட்சி வந்ததில்லை. எப்படி இது சாத்தியம்னு வெளிநாட்டுல கேக்குறாங்க. ரொம்ப எளிமையான விஷயம். நாங்க அந்த வார்த்தையைப் பயன்படுத்துறதில்லை. ஈரத்தைப் பத்தின புதிய விழிப்புணர்வுன்னு சொல்றோம். பேரை மாத்தினதுமே பாதிப் பேர் வர்றதை நிறுத்திட்டாங்க. மீதிப் பாதிக்கு விண்ணப்பம் வச்சோம். இன்னிக்குத் தேதி வரைக்கும் ஒரு விண்ணப்பம்கூட ஏத்துக்கப்படல. அதாவது, ஒரு புகார்கூட உண்மை இல்லை!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. ஒலிபெருக்கி கண்ணாடியக்காவிடம் வந்தது. ஏசிக் காற்று அதற்குள் அவள் கண்ணைப் பதம் பார்த்திருந்தது. எழுதி வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"டாக்டர், நீங்க ஏன் இன்னும் கண்ணாடி போட்டிருக்கீங்க? நீங்க ஏன் பண்ணிக்கல?"

பெரிய டாக்டர் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. என் வேலை ரொம்ப நுணுக்கமானது. நாள் முழுக்கக் கண்ணைத் திறந்து வச்சுப் பாக்கணும். என்னை நம்பி இத்தனை பேர் இருக்காங்க. நான் எப்படி என் கண்ணைப் பணயம் வைக்க முடியும்?"

 முதல் வரிசையில் ஒருவர் எழுந்து, "தியாகி!" என்றார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது.

அந்தச் சமயத்தில்தான் வலி உச்சத்துக்குப் போய், அவள் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. "பாருங்க! ஆனந்தக் கண்ணீர்!" என்று பெரிய டாக்டர் அவள் பக்கம் கையை நீட்டினார். கேமராக்கள் மின்னின. ஒவ்வொரு மின்னலும் உள்ளே போய்க் குத்தியது. "எனக்கு வலிக்குது" என்று அவள் சொன்னாள். கைதட்டலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

மூன்றாவது வரிசையில் தையல்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் உயர்த்தி வீசிக்கொண்டிருந்தார். 'கண்ணை மூடு. மூடு. நான் வர்றேன்.' அவர் சொன்னது அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. மற்றவர்கள் இது ஏதோ புதுவிதமான பாராட்டு என்று நினைத்தார்கள். பக்கத்திலிருந்தவர் தானும் கையைத் தூக்கி வீசினார். வரிசை வரிசையாக அது பரவியது. கடைசியில் அந்தப் பெரிய அரங்கமே அவளைப் பார்த்து, கண்ணை மூடு, கண்ணை மூடு என்று சிரித்தபடி கையசைத்தது.

அவள் மூடிக்கொண்டாள்.

விழா முடிந்து ஒரு மாதத்தில் நிலையத்திலிருந்து இரண்டு தகவல்கள் வந்தன. அவள் அழுகிற முகம் நாலு முனைச் சந்திப்பில் பெரிய பலகையாக வைக்கப்படுகிறது என்பது ஒன்று. அவளுடைய கோப்பு, 'மிக மிக மகிழ்ந்தவர்கள்' அறைக்கு மாற்றப்பட்டுவிட்டதால் இனி அதை நிலையமே நினைத்தாலும் திறக்க முடியாது என்பது இன்னொன்று. சின்ன டாக்டர் மட்டும் ஒருநாள் பேக்கரிக்கு வந்து, ரொட்டி வாங்குகிறவர் போல நின்று, வேறு ஊரில் நரம்பு வலி பார்க்கிற ஒருவரின் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் அங்கே போனார்கள். கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது என்று அந்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வலிக்கிறது என்று அவர் எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கி அவள் மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கணவரைக் கட்டிலில் எதிரே உட்கார வைத்தாள்.

"உங்க சிநேகிதர் எப்படி இறந்தாருன்னு சொல்லுங்க. முழுசா சொல்லுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன். கையைப் பிடிச்சுக் கேக்குறேன்."

அவர் தயங்கினார். பிறகு மருந்து விட்டார். அவள் கண்ணை மூடி, தன் உள்ளங்கைகளை அவர் கைகளின் மேல் வைத்தாள். அவர் ஆரம்பித்தார்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. கைகள் எழுந்தன, விரிந்தன, நெஞ்சுக்குப் போயின, திரும்பி வந்தன. ஆஸ்பத்திரி என்றது புரிந்தது. பள்ளிக்கூட பெஞ்சு புரிந்தது. ஏதோ ஓர் ஆறு, அல்லது சாலை. யாரோ இரண்டு பேர் ஓடினார்கள். அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. நடுக்கத்தில் எது பேச்சு, எது அழுகை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எங்கேயோ கதையின் முக்கியமான இடத்தில் அவர் கைகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தன. அது என்னவென்று மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். ஒரு கையை எடுத்து, "அந்த இடம் புரியல, மறுபடி சொல்லுங்க" என்று அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அவர் பார்க்கவில்லை. அவரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கையை மெல்ல இறக்கி, அவர் கையின் மேல் திரும்ப வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சொல்லிக்கொண்டே போனார்.